கரீமா நிறைந்திருக்கிறாள்

வாத் பண்டா பக்கம் போய்க் கல்தூமா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையில் கை காட்டுவார்கள். மரத்தை வெட்டினவள் வீடு எது என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் வாழ்நாளில் கோடாலி வைத்தது ஒரே ஒரு மரத்தில். அதையும் சாய்க்கவில்லை, ஒரு ஆள் நுழைந்து வெளியே வருகிற அளவுக்கு ஓட்டை போட்டாள், அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அவள் பெற்றதும் வளர்த்ததும் உழைத்ததும் எதுவும் ஊருக்கு ஞாபகம் இல்லை. ஊரைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் ஹமர் ஜனங்களில் தண்ணீர் மரத்தை வெட்டிய பெண் என்று அவளுக்கு முன்னால் ஒருத்தியும் கிடையாது.

அவள் கல்யாணமாகி வந்தபோது பதினேழு வயது. ஜுபாரா வீட்டுக்காரர்கள் புதுப்பெண்ணுக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன் மரத்தைக் காட்டினார்கள். தபல்தி மரம். எட்டுப் பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத அடிமரம், உள்ளே வெறும் கூடு. மழைக்காலத்தில் மரத்தைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். கீழே ஒருவர் தோல்வாளியில் மொள்ள, மேலே ஒருவர் கயிற்றை இழுத்து, கிளை பிரிகிற இடத்தில் இருக்கும் வாய் வழியாக உள்ளே ஊற்றுவார். நிரம்பியதும் பலகையால் மூடி மண் பூசிவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். தோண்டத் தோண்ட மணல் மட்டும் வருகிற எங்கள் பூமியில் கிணறும் அதுதான், குளமும் அதுதான். பிள்ளைக்குப் பேர் வைப்பதுபோல மரத்துக்கும் பேர் வைப்போம், சொத்துப் பிரிக்கும்போது வீட்டை விட்டுவிட்டு மரத்துக்குத்தான் அடித்துக்கொள்வோம். ஜுபாராவுக்கும் அவன் தம்பி திராபுக்கும் மூன்று மரங்கள். இரண்டு சின்னவை. மூன்றாவது கரீமா, அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பெரியவள்.

மாமியார் வேரில் ஒரு கிண்ணம் பால் ஊற்றினாள். "கரீமா, இவ கல்தூமா. உன் தண்ணியக் குடிக்க வந்திருக்கா. முகம் சுளிக்காத தாயே" என்றாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, செய்யக்கூடாதவற்றை ஒப்பித்தாள். மூடியைத் திறக்கும் முன் சலாம் சொல்ல வேண்டும், உள்ளே குடியிருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பெண்கள் மேலே ஏறக் கூடாது, தண்ணீர் கசந்துபோகும். கயிறு விட்டு ஆழம் பார்க்கக் கூடாது, அளந்த தண்ணீரில் பரக்கத் தங்காது, பெருகாமல் வற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, மரத்தின் காதுபடக் குறைவு என்றோ காலி என்றோ சொல்லவே கூடாது. யார் கேட்டாலும் 'நிறைஞ்சிருக்கா, அல்லாவுக்கே புகழ்' என்றுதான் சொல்ல வேண்டும். பாதி இருந்தாலும் அதே சொல், ஒரு வாளி இருந்தாலும் அதே சொல். ஒரு சொட்டும் இல்லை என்றால், 'ஓய்வெடுக்கிறா'.

கல்தூமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை புருஷனிடம் கேட்டாள், "அப்ப நெசமா எவ்வளவு இருக்குன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"மொள்ளும்போது தெரியும்" என்றான் ஜுபாரா.

அந்தப் பதிலில் என்ன கோளாறு என்று அன்று அவளுக்குப் படவில்லை. எங்களில் யாருக்குமே பட்டதில்லை.

நாளடைவில் அவளும் அந்தப் பேச்சுக்குப் பழகிவிட்டாள். மகள் ரப்ஹா பிறந்தபோது தொப்புள்கொடியைக் கரீமாவின் அடியில்தான் புதைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கரீமாவின் காயை உடைத்து, அந்த வெள்ளை மாவைக் கரைத்துப் புளிப்பாகக் கொடுப்பாள். இலையை உலர்த்தி இடித்துக் குழம்பு வைப்பாள், பட்டையை உரித்துக் கயிறு திரிப்பாள். மூடியைத் திறக்கும்போது ஆண்கள் சலாம் சொன்னால், கீழே நின்று இவளும் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மழை இரண்டே முறை பெய்தது. முதல் மழையில் சின்ன மரங்களை நிரப்பினார்கள். இரண்டாவது மழை வந்தபோது ஜுபாரா மலேரியாவில் படுத்த படுக்கையாகக் கிடந்தான். திராபும் பக்கத்து வீட்டுக் கப்பாஷியும் கரீமாவை நிரப்பப் போனார்கள். சாயங்காலம் கப்பாஷி திராபைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். மரத்திலிருந்து விழுந்துவிட்டானாம், முழங்கால் உரலாட்டம் வீங்கியிருந்தது.

"கரீமா?" என்று ஜுபாரா படுக்கையிலிருந்தே கேட்டான்.

"நிறைஞ்சிருக்கா, அல்லாவுக்கே புகழ்" என்றான் திராப். "கடைசி வாளி ஊத்தறப்பதான் கால் வழுக்கிச்சு."

கப்பாஷி ஒன்றும் பேசாமல் போய்விட்டான். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குமேல் கேட்பது எங்களில் மரியாதையில்லை.

திராபின் முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. குளிர்காலத்தில் ஜுபாரா தேறி எழுந்து, கழுதையையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு தெற்கே ஆற்றுப் பக்கம் புல் தேடிப் போனான். போகும்போது, "கரீமா இருக்கா, திராப் இருக்கான், எனக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு மாதம் கழித்து வழிப்போக்கன் ஒருவன் வழியாகச் சேதி வந்தது. ஆடுகள் நலம், எல்லாம் நலம்.

மார்ச்சில் நிவாரண லாரி வந்தது. ஊர் மொத்தமும் பானை சட்டி, பாய் கட்டில் என்று ஏறிக்கொண்டது. நஹூது டவுனில் கூடாரம் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் தருகிறார்கள் என்று பேச்சு. கப்பாஷியின் பெண்டாட்டி உம் பலீனா லாரி மேலே உட்கார்ந்துகொண்டு கத்தினாள்.

"ஏ கல்தூமா! மரத்தக் கட்டிக்கிட்டு அழறதுக்கா இருக்கப் போற? ஏறு, இடம் இருக்கு!"

"எதுக்கு ஏறணும்? எங்க கரீமா நிறைஞ்சிருக்கா. உங்கள மாதிரி பிச்சத் தண்ணிக்கு வரிசையில நிக்கணும்னு எங்களுக்குத் தலையெழுத்தா?"

அவள் அப்படிச் சொன்னபோது லாரியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த கப்பாஷி தலையைக் குனிந்துகொண்டான். திராப் கம்பை ஊன்றி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் பெரிய மரம் இருக்கிறது என்ற கர்வம் கண்ணை மறைத்தது, அதை அவளே பின்னாளில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். லாரி கிளம்பிப் போயிற்று. ஊரில் மிஞ்சியது மூன்று பேர்.

ஏப்ரலில் இரண்டாவது சின்ன மரமும் ஓய்வெடுக்கத் தொடங்கியது. வீட்டில் அரைத் தோல்பை தண்ணீர் மிச்சம்.

"திராப், நாளைக்குக் கரீமாவத் திறந்துடு" என்றாள் கல்தூமா.

"நாளைக்குப் புதன் மதினி. மாசக் கடைசிப் புதன்ல யாராவது மரத்தத் திறப்பாங்களா?"

வியாழனன்று காற்று சரியில்லை என்றான். வெள்ளியன்று முழங்கால் வலி. சனிக்கிழமை காலையில் ரப்ஹா காலித் தோல்பையைத் தலைகீழாகப் பிடித்து நக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, கேட்டு அழக்கூட இல்லை. கல்தூமா அதைப் பார்த்தாள். கயிற்றையும் வாளியையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திராப் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தான்.

"மதினி, நீ ஏறாத! பொம்பள ஏறினா கசந்துடும்!"

"கசந்த தண்ணியக் குடிச்சுக்கறேன். நீ தள்ளு."

மரத்தில் அடித்திருந்த முளைகளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போய் மண்ணைச் சுரண்டிப் பலகையை நகர்த்தினாள். அந்த நேரத்திலும் சலாம் சொல்ல மறக்கவில்லை. வாளியை விட்டாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரில் விழுகிற சத்தம் வரவில்லை. வாளி அடியில் மோதி உருண்டது. இழுத்துப் பார்த்தாள். கையளவு சேற்றுத் தண்ணீர்.

கீழே திராப் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நாப்பது வாளிகூட ஊத்தல மதினி. அதுக்குள்ள விழுந்துட்டேன். கப்பாஷி தூக்கிட்டு வந்தான். மறுநாள் அவன் போய்ப் பாக்கறதுக்குள்ள பள்ளத்துத் தண்ணிய மணல் குடிச்சிடுச்சு. அண்ணன் கேட்டாரு. வாய் தானா சொல்லிடுச்சு."

"லாரி வந்தப்ப சொல்லியிருக்கலாமேடா பாவி! கண்ணு முன்னாடி நின்னுச்சேடா லாரி!"

"மறுபடி மழை பெய்யும்னு நெனச்சேன். அப்புறம் அண்ணன் வந்துடுவாருன்னு நெனச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கல்தூமா மரத்தின் மேலே உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரைத் திட்டுவது? நிறைஞ்சிருக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சொல்லை நம்பிப் பிள்ளையைப் பாலைவனத்தில் வைத்துக்கொண்டாள். லாரி போகிற சாலைக்கு நடந்தால் இரண்டு நாள், நொண்டியோடு நடந்தால் மூன்று. தண்ணீர் இல்லாமல் அந்த வெயிலில் அரை நாள் தாங்காது.

அழுது முடித்ததும் கூட்டுக்குள் குனிந்து பார்த்தாள். ஆழத்தில் சின்னதாக வானம் மின்னியது. தண்ணீர் இருக்கிறது. வாளிக்கு எட்டாத குழியில் தேங்கியிருக்கிறது. யாராவது உள்ளே இறங்கி வழித்துக் கொடுத்தால் உண்டு. ரப்ஹாவை இடுப்பில் கட்டி இறக்கலாமா என்று நினைத்தாள். உள்ளே பாம்பு இருக்கலாம், மூச்சு முட்டலாம். அவள் யோசித்து முடிப்பதற்குள் திராப் கைகளாலேயே தொத்தித் தொத்தி ஏறி வந்துவிட்டான்.

"பிள்ளைய இறக்கின, நான் மனுசனே இல்ல. தள்ளு மதினி."

கயிற்றைக் கிளையில் முடிந்து, மடங்காத காலைத் தொங்கவிட்டு, வாய் வழியாகச் சறுக்கிக்கொண்டு உள்ளே போனான். சுரைக்குடுவையால் அவன் வழித்து ஊற்ற, அதே கயிற்றில் அவள் வாளியை இழுத்தாள். மண்ணும் இலையும் கலந்த தண்ணீர். துணியில் வடிகட்டியதில் இரண்டு தோல்பை நிறைந்தது. அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"போதும், மேல வா!"

கயிறு இறுகியது, தளர்ந்தது. மறுபடி இறுகியது, தளர்ந்தது. உள்சுவர் பாசியாய் வழுக்கிற்று. ஒரு காலை ஊன்ற முடியாது, கையில் பலமில்லை. அரைவயிற்றுக் கஞ்சியில் மாதம் இரண்டு ஓடியிருந்ததே. கல்தூமா கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். முழங்கால் உயரத்துக்கு மேல் அவன் வரவில்லை. நாலாவது தடவை பட்டைக்கயிறு அறுந்து, அவன் சேற்றில் விழுகிற சத்தம் கேட்டது. மிஞ்சிய துண்டு எட்டாது, வேறு கயிறும் இல்லை. கழுதை தெற்கே போயிருந்தது. கூப்பிடு தூரத்தில் மனுசர் கிடையாது.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மதினி. ரெண்டு பையையும் எடுத்துக்கிட்டு பிள்ளையோட கிளம்பு. இங்க குளுமையாத்தான் இருக்கு. நஹூதுக்குப் போய் ஆள் அனுப்பு."

"யாருடா வருவா? போக மூணு நாள், வர மூணு நாள். நீ எதக் குடிப்ப?"

"கரீமாதான் இருக்காளே" என்றான். அவன் சிரிக்க முயன்றது அவளுக்குத் தெரிந்தது.

கல்தூமா மரத்திலிருந்து இறங்கினாள். வீட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்து வந்தாள். அதைப் பார்த்ததும் ரப்ஹா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு அது தண்ணீர் தாங்காது. அது தெரியாதவர்கள் எங்களில் இல்லை. வெட்டினவர்கள் வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு சாவு விழும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். புருஷன் கேட்டால் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் தெரியாது.

அவள் நெற்றியை மரத்தில் வைத்தாள். "கரீமா, நான் கல்தூமா. உன் தண்ணியக் குடிச்சவ. இவன விட்டுட்டுப் போனா பிள்ளைக்கு இனி எந்த முகத்தோட தண்ணி குடுப்பேன்? மன்னிச்சுக்க" என்றாள். அழுதாள். அழுதுகொண்டே ஓங்கினாள்.

முதல் வெட்டு விழுந்ததுமே உள்ளே திராப் அலறினான்.

"ஏய்! என்ன பண்ற? எங்க அப்பன் தாத்தன் மரம்! நிறுத்து!"

"எந்தப் பக்கம் சுவர் மெலிசா இருக்கு? உள்ளேர்ந்து தட்டிக் காட்டு."

"தட்ட மாட்டேன்! அடுத்த மழைக்கு எதக் குடிப்ப? நான் ஒருத்தன் போனா போறேன், அவ போனா வீடே போச்சு! அண்ணன் உன்னத் தலாக் சொல்லிடுவாரு, பாத்துக்க!"

"சொல்லட்டும். சாட்சிக்கு ஆள் வேணும்ல? அதுக்காவது வெளிய வா!"

அவன் உள்ளேயிருந்து கெஞ்சினான், சபித்தான், செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டான். இவள் காது கொடுக்கவில்லை. தபல்தி மரம் மிருதுதான், கோடாலி நன்றாகவே இறங்கும். ஆனால் ஈரநார் அலகைப் பிடித்துக்கொண்டு விடாது, ஒவ்வொரு தடவையும் பிடுங்கி எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் தொடங்கிப் பொழுது சாயும்வரை வெட்டினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியில் ஒட்டியது. ரப்ஹா விழுந்த சிம்புகளைப் பொறுக்கி வாயில் போட்டுச் சப்பினாள்.

"யம்மா, கரீமாவுக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

"நமக்குச் சாவு வருமா?"

கல்தூமா தானும் ஒரு சிம்பை எடுத்துக் கடித்தாள். நார் முழுக்கத் தண்ணீர். தோல்பையைத் தொடாமல் அன்றைய தாகம் அதிலேயே கழிந்தது.

விடிந்ததும் மறுபடி கோடாலியை எடுத்தாள். கை மேலே எழவில்லை. வெட்டு தடம் மாறித் தடம் மாறி விழுந்தது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியவில்லை. உள்ளே ராத்திரிக்குப் பிறகு சத்தமே இல்லை. "திராப்!" என்றாள். பதில் இல்லை. "டேய் திராப்!" மரமும் போயிற்று, ஆளும் போயிற்று என்று நினைத்து அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள்.

அப்போது கேட்டது. டொக். அவள் வெட்டின இடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கமாக, டொக், டொக் என்று சுரைக்குடுவையால் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம்.

"இங்க" என்றான் திராப். அழுதழுது குரல் கட்டியிருந்தது. "இங்க மெலிசா இருக்கு மதினி."

உச்சிப்பொழுதில் அவன் தலை வெளியே வந்தது, சேறும் நாருமாக. கல்தூமா தோளைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அவன் எழுந்ததும் செய்த முதல் காரியம், அந்த ஓட்டையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்ததுதான். அவளைப் பார்க்கவில்லை. துணி நிறையச் சிம்புகளை மூட்டை கட்டி, இரண்டு தோல்பைகளையும் எடுத்துக்கொண்டு, மூன்று பேரும் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் சாலையில் நிலக்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. அதற்குள் தோல்பைகள் காலி. கடைசியாக ரப்ஹாவின் வாயில் இருந்தது கரீமாவின் ஒரு சிம்பு.

நஹூதுக் கூடாரத்தில் ஊர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். உம் பலீனா ஓடி வந்து ரப்ஹாவைத் தூக்கிக்கொண்டாள், கேலி எதுவும் பேசவில்லை. கப்பாஷி கல்தூமாவின் கண்ணில் படாமலேயே திரிந்தான். பத்து நாள் கழித்து ஜுபாரா வந்து சேர்ந்தான். தனியாக, நடந்து. ஊர் வழியாக வரவில்லை, நேரே தெற்கிலிருந்து. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. மகளை அணைத்துக்கொண்டான், தம்பியின் தோளைத் தொட்டான். அப்புறம் வீட்டு ஆண்மகன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"கரீமா எப்படி இருக்கா?"

திராப் முந்திக்கொண்டான். பழக்கம் அப்படி, பயமும் அப்படி. "நிறைஞ்சிருக்கா அண்ணே, அல்லாவுக்கே…"

"காலி" என்றாள் கல்தூமா.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்துக் கூடாரத்தில் பேச்சு நின்றது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

"அவ நிறையவே இல்ல. அவ உள்ள உன் தம்பி மாட்டிக்கிட்டான். நான்தான் கோடாலி போட்டு வெட்டி எடுத்தேன். இனிமே அவ தண்ணி தாங்க மாட்டா. என்ன சொல்லணுமோ இப்பவே சொல்லிடு, கேட்டுக்கறேன்."

ஜுபாரா அவள் கைகளைப் பார்த்தான். இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. தம்பியைப் பார்த்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்தான்.

"ஆடும் காலி" என்றான். "எல்லாம் நலம்னு சேதி அனுப்பினேனே, அன்னைக்கே பாதி செத்துப்போச்சு. கழுதையையும் போன மாசம் தின்னுட்டேன்."

கல்தூமா எழுந்து போய் வரிசையில் நின்று, ஒரு டப்பாத் தண்ணீர் வாங்கி வந்து அவனிடம் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு மீதியைத் தம்பியிடம் நீட்டினான்.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டான் திராப்.

ஜுபாரா டப்பாவைச் சாய்த்து உள்ளே பார்த்தான்.

"பாதி" என்றான்.